ஸ்க்ரூ டிரைவர் காது

போன தீபாவளி போனஸில் ஒரு தம்பியை 16,000 ரூபாய் செலவழிக்க வைத்தேன். அவன் கேட்டது 5,000-க்குள். அவனுக்குத் தேவைப்பட்டதோ ஆயிரத்துச் சொச்சத்தில் முடிகிற காரியம். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தம்பி ஆரம்பாக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவன், கான்ட்ராக்ட், வேலையில் கெட்டி. ஒரு நைட் ஷிஃப்டில் டீ நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டரப் பாட்டுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கேன். ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கு. நல்ல டிஏசி ஒண்ணு சொல்லுங்கண்ணா. அஞ்சாயிரத்துக்குள்ள."

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாய் டீ குடித்தேன். கச்சேரிக்குப் போன பெரிய மனுஷன் மாதிரி லேசாகக் கண்ணைக்கூட மூடிக்கொண்டேன். அந்த விலையில் வருவதெல்லாம் மூடிய சத்தம் என்றேன். தபேலாவும் வயலினும் ஒரே இடத்தில் நின்று வாசிக்கிற மாதிரி இருக்கும் என்றேன். என்னிடம் இருக்கிற மாடலையே வாங்கு என்றேன். வாங்கியதும் நூறு மணி நேரம் ஓட விட வேண்டும், அப்போதுதான் அது பதமாகும் என்றும் சொல்லி வைத்தேன். அவன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். அந்த நேரம் என் லாக்கரில், பழைய சேஃப்டி ஷூவுக்கு அடியில், நாலாக மடித்த ஒரு காகிதம் கிடந்தது. ஆறு மாதமாகக் கிடந்தது. அதற்கு வருகிறேன். வராமல் தப்பிக்கத்தான் இத்தனை நாள் பார்த்தேன்.

ஆலையில் எனக்கு 'காது' என்று பெயர். மோட்டாரின் பேரிங் போகப்போகிறதா என்று தெரிந்துகொள்ள, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். கிரீஸ் காய்ந்தால் ஒரு சத்தம், குண்டில் குழி விழுந்தால் வேறு சத்தம். எனக்கு அது கைவந்தது, அல்லது காதுக்கு வந்தது. அதிர்வு அளக்கும் கருவி வாங்கிய பிறகும் "மீட்டர் இருக்கட்டும், காதைக் கூப்பிடு" என்றுதான் ஃபோர்மேன் சொல்வார். இயர் பிளக் போட்டுக்கொள்ளச் சொன்னவர்களிடம், "அதைப் போட்டா மெஷின் பேசுறது கேக்காது" என்று சொல்லிச் சிரித்தவன் நான். பிளக் சட்டைப் பையில் இருக்கும். ஆடிட் வரும் நாளில் காதில் இருக்கும். என்னைப் பார்த்து அந்தத் தம்பியும் பையில்தான் வைத்திருக்கிறான்.

வீடு பொன்னேரியில். கொரோனா ஊரடங்கில் ஆலை மூடியிருந்த நாட்களில்தான் இந்தப் பாட்டுப் பைத்தியம் முற்றியது. ஓர் அலுவலகம் கழித்த பழைய டெஸ்க்டாப் வீட்டில் கிடந்தது. அதில் லினக்ஸ் போட்டு, பாட்டெல்லாம் ஏற்றி, இருக்கிற ஆம்ப்ளிஃபையரில் இணைத்தேன். பாட்டு வந்தது. கூடவே, மவுஸை நகர்த்தும் போதெல்லாம் ஸ்பீக்கரில் கரப்பான் ஓடுகிற மாதிரி 'கிர்ர்' என்று ஒரு சத்தமும் வந்தது. அடியில் 'உம்ம்ம்' என்று விடாத ஓர் உறுமல்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டும். கம்ப்யூட்டருக்குள் பாட்டு என்பது வெறும் எண்கள். 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு இதுதான்: ஒரு விநாடியில் 44,100 தடவை ஒலி அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஏதாவது ஒன்றாக எழுதி வைப்பது. அதைத்தான் 16 பிட் என்கிறார்கள். அந்த எண்களைத் திரும்பவும் மின்னழுத்தமாக்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது டிஏசியின் வேலை. ஏதோ தேவலோகத்துச் சாமான் இல்லை. கம்ப்யூட்டரின் மதர்போர்டிலேயே ஒன்று இருக்கிறது. ஆலையில் மெஷின்களைக் கட்டுப்படுத்தும், நான் தினமும் கை வைக்கிற பிஎல்சியின் அனலாக் கார்டும் அதே வம்சம்தான். சீமென்ஸ் பிஎல்சியில் 27,648 என்ற எண்ணை எழுதினால் மறுமுனையில் 20 மில்லியாம்பியர் வரும். மனைவியின் போன் நம்பரை மறந்தாலும் அந்த எண்ணை மறக்க மாட்டோம்.

மதர்போர்டு டிஏசியின் குறை அது மட்டமான சில்லு என்பதால் வருவது அல்ல. பிராசஸரும் பவர் சப்ளையும் விநாடிக்கு லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் எரிந்து அணைகிற வீட்டில் அது குடியிருக்கிறது. அந்த இரைச்சல் சுவர் தாண்டி வருகிறது. தனி வீடு பார்த்து வெளியே வைத்தால் போதும். நான் செய்ததும் அதைத்தான். போனுக்கு ஹெட்ஃபோன் மாட்டுவதற்கென்று விற்கிறார்களே, ஒரு முனையில் டைப்-சி, மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை, நடுவில் சுண்டுவிரல் நீள ஒயர், அந்த டாங்கிள். அதற்குள்ளேயும் ஒரு டிஏசி இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம். மாட்டினேன். கரப்பான் ஓடிவிட்டது. உறுமல் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த உறுமலைப் பிடித்துக்கொண்டுதான் நான் கெட்டேன். ஆயிரம் ரூபாய்ச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, 7,500-க்கு ஒரு டப்பா வாங்கினேன். உறுமல் போகவில்லை. பிறகு 16,000-க்கு இன்னொன்று. 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபெயோகா என்ற ஊரில், டிஏசி சில்லு செய்வதில் பேர்போன ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்து எரிந்தது. சில்லு கிடைக்காமல் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. "இனிமே விலை இன்னும் ஏறும், இப்பவே வாங்கிடணும்" என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஜப்பானில் தீப்பிடித்ததற்குப் பொன்னேரியில் வெந்தது என் பி.எஃப். கடன்.

மனைவியிடம் விலை சொல்லவில்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய சாமான் என்று சொன்னேன். அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேட் பாஸ் போட்டுத்தானே எடுத்துட்டு வந்தீங்க?" என்றாள். இருபது வருஷம் ஆலைக்காரனோடு குடும்பம் நடத்தியவள். திருட்டுப் பட்டத்திலிருந்து தப்பிக்க, கேட் பாஸும் இருக்கிறது என்று இன்னொரு பொய்.

புது டப்பாவில் பாட்டு அருமையாகக் கேட்டது. இது பொய் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் கேட்டது. காரணம் பின்னால்தான் புரிந்தது. டாங்கிள் முழு வால்யூமில் கொடுப்பது சுமார் 1 வோல்ட். தனி டப்பாக்கள் கொடுப்பது 2 வோல்ட். இரண்டு மடங்கு வோல்ட் என்றால் 6 டெசிபெல் அதிகம். மனுஷக் காதுக்கு ஒரு வியாதி உண்டு: ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் 'சத்தமாக இருக்கிறது' என்று தோன்றாது, 'தெளிவாக இருக்கிறது' என்று தோன்றும். நான் வால்யூம் குமிழைத் தொடாமல் ஒயரை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, "ஆகா" என்றேன். நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' போட்டு, வயலினின் வில் நரம்பில் உரசுவது கேட்கிறதா என்று கேட்டேன். கேட்கிறது என்றார்கள். காபி கொடுத்தவனிடம் வேறென்ன சொல்வார்கள்?

வாங்கிய டப்பாவின் அட்டையில் 120 டெசிபெல் என்று போட்டிருந்தது. மிக மெல்லிய ஓசைக்கும் மிகப் பெரிய ஓசைக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி தருமாம். 16 பிட் பாட்டிலேயே இருப்பது 96. நான் கேட்கிற பாதிப் பாட்டு யாரோ கேசட்டிலிருந்து ஏற்றியது. கேசட்டின் 'உஸ்' சத்தத்துக்கு மேலே கிடைப்பது 50, மிஞ்சினால் 55. இதெல்லாம் போகட்டும், என் மாடி அறையில் ஃபேன் ஓடினால் மீட்டர் 45 காட்டும். ஃபேனை நிறுத்திவிட்டு மே மாதத்தில் பொன்னேரியில் பாட்டு கேட்கிற ரசிகன் யாராவது இருந்தால் அவர் காலில் விழுகிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு மதியம் கரண்ட் போனது. நான் மாடியில் இருந்தேன். கீழேயிருந்து மகள் ஓடி வந்தாள். "என்னப்பா, இன்வெர்ட்டர் பத்து நிமிஷமா கத்துது, ஆஃப் பண்ணாம உட்கார்ந்திருக்கீங்க?"

இன்வெர்ட்டர் என் நாற்காலிக்கு மூன்றடி தள்ளி, மாடிப்படி மூலையில் இருக்கிறது. நான் பார்த்தேன். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கிட்டப் போய்க் குனிந்தேன். எங்கோ பக்கத்துத் தெருவில் சில்வண்டு கத்துகிற மாதிரி ஏதோ. "ஆமா, பாட்டு யோசனைல இருந்தேன்" என்றேன். ஆஃப் பண்ணும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே வருஷாந்தர மெடிக்கலில் காது பரிசோதனை வந்தது. மற்ற வருஷங்களில் அதில் கள்ளம் செய்வது சுலபம். பெட்டிக்குள் உட்கார்ந்து, பரிசோதிக்கிறவரின் தோள் அசைவதைப் பார்த்துப் பொத்தானை அமுக்கலாம். நான் செய்திருக்கிறேன். இந்தத் தடவை முதுகைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். முடிவைக் கையில் கொடுத்து, வெளியே நல்ல இடத்தில் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். சளி என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு ஒரு நாள் லீவு போட்டு, சென்னைக்குப் போனால் ரயிலில் தெரிந்த முகம் இருக்கும் என்று, பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துத் திருவள்ளூருக்குப் போனேன். மாவட்டத் தலைநகர்தான், ஆனால் எங்கள் ஆலைக்காரர்கள் யாரும் எட்டிப்பார்க்காத திசை. அங்கேயும் அதே கோடு. 250, 500, 1,000 ஹெர்ட்ஸ் வரை மேலே ஒழுங்காகப் போகிறது. 2,000-இல் தளர்கிறது. 4,000-இல் கிணற்றில் விழுகிறது: வலது காது 55 டெசிபெல், இடது 50. 8,000-இல் கொஞ்சம் ஏறி வருகிறது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது இப்படித்தான் போகும், 4,000-ஐச் சுற்றித்தான் முதலில் பள்ளம் விழும் என்றார் டாக்டர். போனது திரும்பாது. லாக்கரில் கிடந்தது அந்தக் கோடு போட்ட காகிதம்தான். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல்தான் சட்டம் சொல்லும் எல்லை. பில்லட் ஸ்டாண்டுக்குள் நுழைகிற இடத்திலும் ஷியர் வெட்டுகிற இடத்திலும் எங்கள் மீட்டர் என்ன காட்டும் என்று எனக்குத் தெரியும், அளந்ததே நான்தானே. பையில் பிளக்கை வைத்துக்கொண்டு அளந்தேன்.

வயலினின் வில் உரசல், ஜால்ராவின் நுனி, பாடகியின் மூச்சு, இவையெல்லாம் அந்தக் கிணற்றுக்குள்ளும் அதற்கு அப்பாலும் இருக்கின்றன. 16,000 ரூபாய் டப்பாவில் எதைக் கேட்டேன் என்று நண்பர்களிடம் அளந்தேனோ அது அத்தனையும்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. மகள் தானாகவே கிட்ட வந்தாள். மே விடுமுறை, அவளுக்குப் பொழுது போகவில்லை. "அப்பா, கண்ணைக் கட்டிட்டு எந்த டிஏசின்னு சொல்லுங்க பார்ப்போம்." முடியாது என்று சொல்ல 'காது'க்கு வழியில்லை. முறையாகத்தான் செய்தோம். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, ஆலை மல்டிமீட்டரில் டாங்கிள், டப்பா இரண்டின் வோல்ட்டையும் சமமாக்கினேன். அந்த ஒரு காரியத்திலேயே டப்பாவின் அழகு பாதி போய்விட்டது, அது எனக்கு உள்ளே உறைத்தது. அவள் நாணயம் சுண்டி, பூவா தலையா பார்த்து மாற்றினாள். இருபது தடவை. நான் யோசித்து, தலையாட்டி, சில சமயம் 'இன்னொரு தடவை போடு' என்று கேட்டு, பதில் சொன்னேன்.

ஒன்பது சரி. இருபதில் குறைந்தது பதினைந்து வந்தால்தான் ஏதோ கேட்கிறது என்று நம்பலாம். நல்ல காதுள்ள அவள் தானும் உட்கார்ந்து பார்த்தாள். பதினொன்று. "ரெண்டும் ஒண்ணுதான்பா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள்.

2007-இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தர டிஸ்கில் ஓடும் இசையை நேராகவும், அதையே 16 பிட் 44,100 வழியாக வடிகட்டியும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் கணக்கு எழுதினார்கள். மொத்தம் 554 தடவை. சரியாகச் சொன்னது 276. அந்தக் கட்டுரையைப் பற்றி நான் டப்பா வாங்குவதற்கு முன்பே படித்திருந்தேன். அவர்கள் காது அப்படி என்று தள்ளிவிட்டேன்.

அன்றைக்கே மகள் இன்னொன்றும் கேட்டாள். "எல்லாத்துலயும் அடியில உம்முனு ஒண்ணு வருதே, அது என்னப்பா?" அந்த உறுமல் எனக்கும் நன்றாகக் கேட்கும், கீழ் சுருதி என் காதில் இன்னும் பழுதில்லை. மூன்று டிஏசியிலும் ஒரே உறுமல் என்றால் குற்றம் டிஏசியில் இல்லை. இதைச் சொல்ல டிப்ளமோ வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், வேறு பிளக்கில் மாட்டிய ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு எர்த், இரண்டையும் சேர்த்துக் கட்டும் ஆடியோ ஒயரின் மேலுறை. வட்டம் முழுதாகிவிட்டது, அதில் 50 ஹெர்ட்ஸ் சுற்றி வருகிறது. ஆலையில் சிக்னல் கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு அப்ரண்டிஸுக்கும் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஃபர்னஸும் மில்லும் பக்கத்தில் ஓடும்போது 4–20 மில்லியாம்பியர் சிக்னலில் குப்பை ஏறாமல் ஐசொலேட்டர் போடுகிறவனும் நான். வீட்டில் வருஷக்கணக்கில் அது தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதே சரி. தோன்றியிருந்தால் டப்பா வாங்கக் காரணம் போயிருக்கும். இரண்டு பிளக்கையும் ஒரே பலகைக்கு மாற்றினேன். உறுமல் முக்கால்வாசி போயிற்று. மதர்போர்டின் பின்னால் ஆப்டிகல் ஓட்டை ஒன்று சும்மா கிடந்தது. 16,000 டப்பாவுக்கும் அந்த வாய் உண்டு. ஒளி மட்டுமே போகிற ஒயர், எர்த் தாண்டாது. மாட்டியதும் மிச்சமும் போயிற்று. ஒயர் விலை 300 ரூபாய்க்குள்.

ஆக, தீபாவளிக்கு ஐந்து மாதம் முன்பே எனக்கு எல்லாம் தெரியும். மதர்போர்டில் இரைச்சல் இல்லையா, ஒன்றும் வாங்காதே. இருந்தால் ஒரு டாங்கிள். உறுமினால் பிளக்கை ஒரே பலகையில் மாட்டு. மிஞ்சுகிற பணத்தை ஸ்பீக்கருக்குப் போடு. வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டும் தெரிகிற இடம் அதுதான். இதை அந்தத் தம்பிக்குச் சொல்ல ஒரு கிளாஸ் டீ போதும்.

ஏன் சொல்லவில்லை? இடையில் இன்னொன்று நடந்திருந்தது. ஆகஸ்டில் கூலிங் பெட் பக்கம் ஒரு மோட்டார். ஃபோர்மேன் வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டார். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினேன். பேரிங் கெட ஆரம்பிக்கும்போது முதலில் வருவது கீச்சுச் சத்தம். என் கிணற்றுக்குள் விழுகிற சுருதி. எனக்குக் கேட்டது மோட்டாரின் முனகல் மட்டும். "நல்லா இருக்கு" என்றேன். பக்கத்தில் நின்ற அந்தத் தம்பி, "அண்ணா, லேசா விசில் மாதிரி வருதே" என்றான். "அது கப்ளிங்" என்றேன். இரண்டு நாளில் பேரிங் பிடித்துக்கொண்டது. நாலு மணி நேரம் மில் நின்றது. கிரீஸ் சரியில்லை என்று எழுதினேன். தம்பி என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் எனக்கு ஒரு பயம் வந்தது. என்னைவிட நல்ல காது அவனுக்கு என்று இரண்டு பேருக்குத் தெரியும், அவனுக்கும் எனக்கும். அந்த டீ நேரத்தில் அவன் என்னிடமே வந்து யோசனை கேட்டபோது, இழந்த நாற்காலி திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. ஆயிரம் ரூபாய் டாங்கிள் போதும், எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

வாங்கிய மறுவாரம் வந்தான். "சூப்பரா இருக்குண்ணா. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் தனித்தனியா கேக்குது." பொய் சொல்கிறானா, 6 டெசிபெல் பேசுகிறதா, என் மேலிருந்த மரியாதையா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதை அவன் காதில் போட்டவன் நான்.

போன வாரம் மனைவியிடம் எல்லா விலையையும் சொன்னேன், காகிதத்தையும் காட்டினேன். விலைக்குத் திட்டினாள். காகிதத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் எதிரே வந்து நின்று பேசுகிறாள். தம்பியின் டப்பாவை நானே 16,000 கொடுத்து வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். நேற்று ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். இயர் பிளக் ஒரு டப்பா கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு விஷயத்தைச் சொன்னேன். முழு விஷயத்தை இல்லை. இன்னொரு ரூமுக்கு எனக்கு அதே மாடல் வேண்டும், வாங்கின விலைக்கே கொடு என்றுதான் வாயில் வந்தது.

"வேணாம்ணா" என்றான். "ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டா வேலை, தெனமும் போட முடியல. இப்பத்தான் அறுபது மணி நேரம் ஓடியிருக்கு. கணக்கு எழுதி வெச்சிருக்கேன். இன்னும் நாப்பது பாக்கி இருக்கு."